ஐந்தாம் மாசத்துல கர்ப்பப்பை வாய்த் தையல்: எதுக்குன்னு வீட்டாளுக்கு எப்படிச் சொல்ல?

அம்பைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வீடு வீடாப் போய்க் கர்ப்பிணிகளைப் பாக்குற கிராமச் செவிலியர்களுக்கு உதவுற மாதிரி ஒரு விளக்கம் வேணும்.

"கர்ப்பப்பை வாய் லூசா இருக்கு, ஸ்டிச் போடணும்"னு ஆஸ்பத்திரியில சொல்லிருதாங்க. அங்க தலையை ஆட்டிட்டு வந்துருதாங்க. வீட்டுக்கு வந்த பிறவுதான் கேள்வியே ஆரம்பிக்கு. "பிள்ளை இருக்கிற எடத்துல ஊசி ஏத்தலாமா?", "போன தடவை குடம் தூக்குனதாலதானே நழுவுச்சு, இப்ப ஒழுங்காப் படுத்துக் கெடந்தா போதாதா?", "தையல் போட்டா சிசேரியன்தானா?", "பக்கத்து வீட்டு மைனிக்கு வெறும் மாத்திரைதான் குடுத்தாங்க, நமக்கு மட்டும் ஏன் ஆப்பரேசன்?" இப்படி மாமியார், அம்மா, வீட்டுக்காரர்னு ஆளுக்கொண்ணு கேக்காங்க. அந்தப் பிள்ளை எதுவும் கேக்காம முழிச்சுக்கிட்டு இருக்கும்.

மூணு விதமான பெண்களுக்கு மூணு விதமாச் சொல்லி அனுப்புறதுதான் குழப்பத்துக்குக் காரணம்:

ஒருத்திக்கு ரெண்டு தடவை 18, 20 வாரத்துல வலியே இல்லாமப் போயிருக்கு. இப்ப 12 வாரம். தையல் போடணும்னுட்டாங்க.

இன்னொருத்திக்கு இதுதான் தலைப்பிள்ளை. 20 வார ஸ்கேன்ல வாய் நீளம் 21 மி.மீ. ராத்திரி உள்ளே வைக்க மாத்திரை மட்டும் எழுதிக் குடுத்திருக்காங்க.

மூணாவது ஆளுக்கு இரட்டைப் பிள்ளை, நீளம் 22 மி.மீ. தையல் வேண்டாம்னுட்டாங்க.

பின்னால சொன்ன ரெண்டு பேருக்கும் அளவு கிட்டத்தட்ட ஒண்ணு, வைத்தியம் மட்டும் மூணு பேருக்கும் வேற வேற. இதை எப்படிப் புரியவைக்கிறது? தையல் போட்ட பிறவு வீட்டுல எதைக் கவனிக்கணும்னும் சொல்லுங்க.

பாளை_மகப்பேறு:

சிஸ்டர், அந்த மூன்று பேருக்கும் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. ஏன் சரி என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கர்ப்பப்பையை நம்ம ஊர்ப் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பை விரிய விரிய வாய் மட்டும் இறுகி இருக்க வேண்டும். மேலே தசை, கீழே வாய்ப்பகுதி பெரும்பாலும் நார்த்திசு. மூக்கு நுனி மாதிரி உறுதியாக, 3 முதல் 4 செ.மீ. நீளத்தில், பத்தாம் மாதம் வரை மூடியே இருக்கும். சிலருக்கு அந்த நார் பாரம் தாங்காமல் நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதத்திலேயே இளகுகிறது. அது வெளியிலிருந்து திறப்பதில்லை, உள்பக்கத்திலிருந்து திறக்கிறது. பனிக்குடம் புனல் மாதிரி கீழே இறங்கும். வலி வராது. அடிவயிறு கனம், இடுப்பு லேசாகக் கடுப்பது, வெள்ளைப்படுதல் கூடுவது, இவ்வளவுதான் அறிகுறி. அவள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது பனிக்குடம் வாய்க்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

இப்படி ஆவதற்குச் சிலருக்குத் தெரிந்த காரணம் உண்டு. வாயில் கூம்பு வடிவமாகச் சதை எடுத்த சிகிச்சை, திரும்பத் திரும்ப டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது), வாய் முழுதும் திறந்த பிறகு செய்த சிசேரியனில் ஏற்பட்ட கிழிசல், பிறவியிலேயே கர்ப்பப்பை அமைப்பில் மாற்றம். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் என்று ஒன்றைக் கை காட்ட முடியாது. குடம் தூக்கியதோ, பஸ்ஸில் போனதோ, மாடிப்படி ஏறியதோ வாயைத் திறக்க வைப்பதில்லை. இதை மாமியாருக்கு முன்னால், அந்தப் பெண்ணும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள். "நான்தான் பிள்ளையைத் தொலைத்தேன்" என்று நினைத்துக்கொண்டே அடுத்த கர்ப்பத்தைச் சுமக்கிறார்கள். மருந்து கொடுப்பதற்கு முன் அந்தப் பழியை அவள் தலையிலிருந்து இறக்க வேண்டும்.

அடுத்தது, தையல் எதற்கு உதவாது என்பது. எட்டாவது வாரத்தில் கலைவது பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறு. அங்கே வாயைக் கட்டி ஒரு பயனும் இல்லை. காய்ச்சலோடும் நாற்றத்தோடும் போனது கிருமித் தொற்று. ரத்தப்போக்கில் தொடங்கி, வயிறு கல்லாகிப் போனது நஞ்சுக்கொடி சம்பந்தப்பட்டது. பிரஷர் ஏறிக் குழந்தை உள்ளேயே இறந்தது வேறு. அதனால்தான் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். எத்தனையாவது வாரம், முதலில் வந்தது வலியா, நீரா, ரத்தமா, பிறக்கும்போது உயிர் இருந்ததா: இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி முடிவு வந்துவிடும். சீட்டு இல்லையென்றால் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டு ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அது எங்களுக்குப் பெரிய உதவி.

உங்கள் முதல் பெண்ணுக்கு வருகிறேன். இரண்டு முறை, ஐந்தாம் மாதம், வலியில்லாமல். வாய் பலவீனத்தின் கதை இப்படித்தான் இருக்கும். இவளுக்கு இரண்டு வழி உண்டு. 12 முதல் 14 வாரத்துக்குள் முன்கூட்டியே தையல் போடுவது ஒன்று. 16 வாரத்திலிருந்து 24 வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள் ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது) எடுத்து, நீளம் 25 மி.மீ.க்குக் கீழே போனால் அன்றைக்குத் தையல் போடுவது மற்றொன்று. பிரிட்டன் வழிகாட்டுதல் மூன்று அல்லது அதற்கு மேல் இழப்பு அல்லது குறைமாதப் பிரசவம் இருந்தால்தான் நேரடித் தையலுக்குப் போகச் சொல்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல், வலியில்லாமல் வாய் திறந்து போன ஓர் இழப்பு இருந்தாலே யோசிக்கலாம் என்கிறது. ஆகவே இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் தப்பு என்று ஆகாது. 1993-ல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேல் இப்படி நேர்ந்தவர்களிடம் 33 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 32 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. பாதிக்கு மேல் குறைந்தது, அடியோடு நின்றுவிடவில்லை. "தையல் போட்டாச்சு, இனி பயமே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது பெண்: பழைய இழப்பு ஏதும் இல்லாமல் 21 மி.மீ. இங்கே முதல் வைத்தியம் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் மருந்து. 200 மி.கி. குளிகை, இரவு படுக்கும் முன் பிறப்புறுப்பில் வைப்பது. முன்கதை இல்லாத, ஒற்றைக் குழந்தை சுமக்கும் பெண்ணுக்கு நீளக் குறைவை மட்டும் பார்த்துத் தையல் போட்டால் லாபம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதற்காக விட்டுவிடுவதும் இல்லை. ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப அளந்து, நீளமே 10 மி.மீ.தான் என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தாலோ, சோதனையில் வாய் திறந்திருந்தாலோ தையல் பற்றிப் பேசுவோம். இதே 21 மி.மீ., முன்பு 34 வாரத்துக்குள் தானாகப் பிரசவமான பெண்ணுக்கு 24 வாரத்துக்கு முன் வந்தால் தையல்தான். அளவு ஒன்றாக இருந்தாலும் முன்கதை வேறு என்பதால் வைத்தியமும் மாறுகிறது. பக்கத்து வீட்டு மைனி கேள்விக்கு இதுதான் பதில்.

மூன்றாவது, இரட்டை. இரட்டைக் கர்ப்பத்தில் வாய் குட்டையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தையல் போட்டவர்களுக்குப் பலன் தெரியவில்லை, சில ஆய்வுகளில் தீங்குகூடத் தெரிந்தது. அதனால் வழக்கமாகப் போடுவதில்லை. வாய் திறந்து பனிக்குடம் தெரிகிறது என்றால் அப்போது பேச்சே வேறு.

அவசரத் தையல் பற்றியும் ஒரு வார்த்தை. 24 வாரத்துக்கு முன், வாய் திறந்து பனிக்குடம் தெரியும் நிலையில், தலைப்பக்கத்தைத் தாழ்த்திப் படுக்கவைத்து, பனிக்குடத்தை மெதுவாக உள்ளே தள்ளிப் போடுவது. காய்ச்சல், நாடி, ரத்தத்தில் வெள்ளணு எல்லாம் பார்த்து உள்ளே தொற்று இல்லை என்று தெளிந்த பிறகுதான் போடுவோம். தொற்று இருக்கும்போது வாயைக் கட்டினால் சீழைப் பைக்குள் வைத்துத் தைத்த மாதிரி, தாய் உயிருக்கே ஆபத்து. நல்லபடி அமைந்தால் சராசரியாக ஒரு மாதம் கூடக் கிடைக்கும். 22 வாரத்துக்கும் 26 வாரத்துக்கும் நடுவே அந்த ஒரு மாதம் என்ன மதிப்பு என்று குழந்தைகள் ஐ.சி.யூ.வில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும். 4 செ.மீ.க்கு மேல் திறந்துவிட்டால் தோற்கும் வாய்ப்பு அதிகம். போடும்போதே பனிக்குடம் உடையவும் கூடும். இதை முன்னாலேயே சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

வலி எடுத்துவிட்டது, நீர் உடைந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை, தொற்று, குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை, பிழைக்க முடியாத பெரிய குறை: இவற்றில் எதிலும் தையல் போடக் கூடாது.

உள்ஸ்கேன்:

டாக்டர் சொன்ன எல்லாமே 25 மி.மீ. என்ற ஒரு எண்ணில் வந்து நிற்கிறது. அந்த எண் தப்பாக அளக்கப்பட்டால் எல்லாம் தப்பு. அதனால் அளவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில், அதுவும் தண்ணீர் குடித்து மூத்திரப்பை முட்ட நிரம்பியிருக்கும்போது, கர்ப்பப்பை வாய் நசுங்கி நீளமாகத் தெரியும். உண்மையில் 20 மி.மீ. இருப்பது 35 போலக் காட்டலாம். அதனால் முடிவெடுக்க உள் ஸ்கேன்தான் வேண்டும். அதற்கு மூத்திரம் போய்விட்டு வர வேண்டும். பல பெண்கள் ஸ்கேன் என்றாலே ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே பெஞ்சில் நெளிந்துகொண்டு இருக்கிறார்கள். சீட்டில் "உள் ஸ்கேன், நீளம் பார்க்க" என்று இருந்தால் தண்ணீர் வேண்டாம் என்று அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள் சிஸ்டர்.

கருவி ஒரு விரல் மொத்தத்துக்குச் சற்றுக் கூடுதல். உறை மாட்டி, ஜெல் தடவி, பிறப்புறுப்புக்குள் முன்பக்கமாக வைப்போம். அது கர்ப்பப்பை வாய்க்குள் நுழைவதில்லை, பக்கத்தில் நின்று பார்க்கிறது. நஞ்சுக்கொடி கீழே இருந்தாலும் எடுக்கலாம். உள் ஸ்கேன் எடுத்துக் கரு கலையாது. ரொம்ப அழுத்தி வைத்தாலும் வாய் நீண்டு பொய் அளவு வரும். அதனால் வைத்த பின் சற்றுப் பின்னால் இழுத்து, படம் மறுபடி தெளிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். உள் துவாரத்திலிருந்து வெளித் துவாரம் வரை மூடியிருக்கும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். மேலே புனல் மாதிரி விரிந்திருந்தால் அந்த விரிந்த பகுதி கணக்கில் வராது. மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்து, மூன்று அளவு எடுத்து, அதில் குறைந்ததைத்தான் எழுதுவோம். அரை நிமிடத்தில் எடுத்த ஒரே அளவை வைத்துக்கொண்டு தையலுக்கு ஓட வேண்டியதில்லை. 25-க்குப் பக்கத்தில் ஊசலாடினால் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்பது தப்பே இல்லை.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது: எத்தனை வாரம், உள் ஸ்கேனா வயிற்று ஸ்கேனா, மூடிய நீளம் எத்தனை மி.மீ., புனல் உண்டா இல்லையா. "கர்ப்பவாய் குட்டை" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 14 வாரத்துக்கு முன் எடுத்த நீளத்தை நம்பிப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். அப்போது கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியே வாயோடு சேர்ந்து நீளமாகத் தெரியும்.

பிரசவவார்டு_சிஸ்டர்:

அம்பைக்காரி அக்கா, தியேட்டர்ல நடக்கிறதையும் அதுக்குப் பின்னாடியும் நான் சொல்லுதேன். வீட்டாளுக்குப் பயம் எல்லாம் இங்கதான்.

முன்கூட்டியே போடுற தையல்னா 11 முதல் 14 வாரத்துக்குள்ள எடுக்குற என்.டி. ஸ்கேன் (குழந்தை கழுத்துப் பின்பக்கத்து நீர் அளவைப் பாக்குறது) முடிஞ்சிருக்கணும். குழந்தைக்குப் பெரிய குறை இல்லைன்னு தெரியாம வாயைக் கட்ட மாட்டாங்க. யூரின் கல்ச்சர், ரத்த அளவு, குரூப் பாப்பாங்க. நாற்றமோ அரிப்போ இருக்கிற வெள்ளைப்படுதல்னா முதல்ல அதுக்கு மருந்து. அதை மறைச்சுட்டு வந்தா தையலைச் சுத்திக் கிருமி கூடு கட்டிரும். கூச்சப்படாமச் சொல்லச் சொல்லுங்க.

அன்னைக்கு 6 மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை நிறுத்தணும். வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரை குடிக்கலாம். பால், காபி, இளநீர் வெறும் தண்ணியில சேராது. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போகும். வயித்துல கத்தி படாது. காலைத் தூக்கி வைச்சு, வாயைக் கருவியால பிடிச்சு, வாயும் பிறப்புறுப்பும் சேர்ற எடத்துல முடிஞ்ச அளவு உயரமா, சுத்திவர நாலஞ்சு குத்து. கடிகார முகமா நினைச்சுக்கிட்டா 3 மணிக்கும் 9 மணிக்கும் பக்கத்துல ரத்தக்குழாய் ஓடும், அங்க ஊசி போகாது. முன்பக்கம் மூத்திரப்பை இருக்கும், அதையும் தொடக் கூடாது. நூல் சாதாரண நூல் இல்ல. 5 மி.மீ. அகல வெள்ளை நாடா, மெர்சிலீன் டேப்னு பேரு, தானாக் கரையாது. சுருக்குப்பைக் கயிறு மாதிரி இழுத்து, பெரும்பாலும் 12 மணி எடத்துல முடிச்சுப் போட்டு, வால் ரெண்டு மூணு செ.மீ. விட்டு வெட்டுவாங்க. அந்த வால்தான் பின்னாடி கழற்றும்போது பிடி. ஊசி போறது வாயோட சதையிலதான், பனிக்குடத்துப் பக்கமே போகாது. "பிள்ளை இருக்கிற எடத்துல ஊசியா"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு சுருக்குப்பையை எடுத்துக் காட்டி, கயிறு ஓடுற எடத்தைத் தொட்டுக் காட்டுங்க. ஒரு நிமிசத்துல புரிஞ்சுரும். மொத்தமே அரை மணி நேர வேலை. முன்னாடியும் பின்னாடியும் குழந்தை இதயத் துடிப்பைப் பாத்து எழுதுவோம்.

இதுல ரெண்டு முறை உண்டு. 1955-ல பம்பாய் டாக்டர் ஷிரோட்கர் சொன்னது ஒண்ணு: மேல்தோலைக் கீறி மூத்திரப்பையை ஒதுக்கி இன்னும் உயரத்துல போடுறது. 1957-ல மெக்டொனால்டு சொன்ன எளிய முறைதான் மேல நான் விவரிச்சது, பெரும்பாலும் அதுதான் போடுறாங்க. சீட்டுல எந்த முறைன்னு இருக்கணும். ஷிரோட்கர் முறையில முடிச்சு தோலுக்குள்ள மறைஞ்சிருந்தா கழற்றவும் மயக்க மருந்து வேண்டியிருக்கும்.

கீழ் வழியாப் போட்ட தையலும் தோத்துப்போனவங்களுக்கு, இல்ல வாய்ப்பகுதியையே ஆப்பரேசன்ல எடுத்தவங்களுக்கு, வயித்து வழியா மேல கட்டுறது உண்டு. அதுக்கு மட்டும் சிசேரியன் கட்டாயம். மத்தத் தையலுக்கு, கழற்றின பிறவு சுகப்பிரசவம்தான். "தையல்னா சிசேரியன்"னு பேசுறது இந்த ரெண்டையும் போட்டுக் குழப்புறதால.

அன்னைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போயிரலாம். ரெண்டு மூணு நாள் லேசா ரத்தக்கறை, அடிவயித்துல மாதவிடாய் மாதிரி இழுப்பு இருக்கும். வெள்ளைப்படுதல் பிரசவம் வரைக்கும் கூடுதலாவே இருக்கலாம், உள்ள ஒரு நாடா கெடக்கில்லா.

உடனே கூட்டிட்டு வர வேண்டியது: பேட் நனையுற ரத்தம், நிக்காம வடியுற தண்ணி, 100.4-க்கு மேல காய்ச்சல், நாற்றமடிக்கிற கசிவு, வயிறு விட்டு விட்டு இறுகுறது, இடுப்புல சீரா வந்து போற வலி. இதுல ஒரு நுணுக்கம் உண்டு. புரோஜெஸ்ட்ரோன் குளிகை வைக்கிறவங்களுக்குக் காலையில எண்ணெய்ப் பிசுக்கோட வெள்ளையா வடியும். அது மருந்தோட மிச்சம். பனிக்குட நீர் வெறும் தண்ணி மாதிரி, பிசுக்கு இல்லாம, துணி மாத்தினாலும் திரும்ப நனையும். பிரிச்சுச் சொல்ல முடியலைன்னா வீட்டுல வச்சு யோசிக்க வேண்டாம், வந்துருங்க.

அம்பைக்காரி:

டாக்டர், சிஸ்டர், ரொம்ப நன்றி. சுருக்குப்பை உடனே எடுபடும், எல்லா வீட்டுலயும் ஒண்ணு கெடக்கும்.

இன்னும் ரெண்டு விசயம். ஒண்ணு, படுக்கை. கட்டில் கால்மாட்டுல ரெண்டு செங்கல் வைச்சு உசத்தி, மூத்திரம் போகக்கூட எந்திரிக்க விடாம மூணு மாசம் படுக்க வைக்கிற வீடு இருக்கு. பீடி சுத்துற பிள்ளைகள் உக்காந்து சுத்தலாமான்னு கேக்காங்க. ஆடி அமாவாசைக்குக் காரையாறு போகலாமான்னும் கேக்காங்க. ரெண்டு, ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்குப் போயிருவாங்களே, தையலை யாரு கழற்ற?

பாளை_மகப்பேறு:

செங்கல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். தையலுக்குப் பின் முழுப் படுக்கை குறைமாதத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. மாறாகக் கால் நாளத்தில் ரத்தம் உறையும், தசை கரையும், மலச்சிக்கல் வரும், மனசும் சோர்ந்துபோகும். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் தாய் உயிருக்கு ஆபத்து. கர்ப்பம் அந்த ஆபத்தை ஏற்கெனவே கூட்டியிருக்கிறது. நாம் படுக்க வைத்து இன்னும் கூட்டக் கூடாது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு வீட்டுக்குள் நடமாட்டம், சமையல், குளியல் எல்லாம் செய்யலாம். குடமும் அரிசி மூட்டையும் வேண்டாம் என்பது எந்தக் கர்ப்பிணிக்கும் உள்ளதுதான். உடலுறவு எப்போது என்பதைத் தையல் போட்ட டாக்டரிடமே கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் எடுத்துக் கேட்காவிட்டால் அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

முக்கி மலம் கழிக்க விடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை இறுக்கும், அதற்காக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். தண்ணீர், கீரை, பழம், போதாவிட்டால் டாக்டர் எழுதித் தரும் மருந்து.

பீடித் தட்டை மடியில் வைத்து உட்காருவதால் தையல் பிய்ந்துவிடாது. ஆனால் புகையிலைத் தூள் கையிலும் மூச்சிலும் ஏறுகிறது, கர்ப்பத்தில் அது கூடாது. உட்காருவதற்குப் பயந்து அல்ல, புகையிலைக்காகத் தட்டை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். கூலி போகுமே என்ற கவலை நியாயமானது. கர்ப்பிணிக்கான அரசு உதவித்தொகைக்குப் பதிவாகியிருக்கிறதா, தவணை வந்ததா என்று அந்த வீட்டில் இருந்தே பாருங்கள்.

காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில்: மலைப்பாதைக் குலுக்கல் தையலை ஒன்றும் செய்யாது. ஆனால் அங்கே கூடாரம் போட்டுத் தங்கியிருக்கும்போது நீர் உடைந்தால், அந்தக் கூட்டத்துக்குள் வண்டி வந்து மலை இறங்கி அம்பை சேருவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும்? குறைமாதக் குழந்தைக்கு ஐ.சி.யூ. உள்ள ஆஸ்பத்திரி அதற்கும் அப்பால். சாமியை அடுத்த ஆடிக்குப் பிள்ளையோடு போய்க் கும்பிடலாம்.

குறைமாதமாக வலி வந்தால் என்ன ஆகும் என்பதும் வீட்டுக்குத் தெரிய வேண்டும். 24-க்கும் 34 வாரத்துக்கும் நடுவே என்றால் குழந்தை நுரையீரல் விரிய ஸ்டீராய்டு ஊசி: டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு ஊசி. அது வேலை செய்ய நேரம் வேண்டும். ஆகவே சீக்கிரம் வர வேண்டும், குழந்தைகள் ஐ.சி.யூ. உள்ள இடத்துக்கே நேராக வர வேண்டும். அம்பை, தென்காசி, வள்ளியூர்ப் பக்கத்தவர்கள் பாளை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவது இதற்காகத்தான். பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கொண்டுபோவது எவ்வளவோ மேல்.

பிரசவவார்டு_சிஸ்டர்:

ரெண்டாவது கேள்விக்கு நான் வாரேன். என்னைக் கேட்டா இந்தத் திரியிலேயே முக்கியமானது அதுதான்.

தையல் போடுறது ஒரு ஊரு, கழற்றுறது இன்னொரு ஊரு. நடுவுல சீட்டு தொலைஞ்சுபோகும். தாய்வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வலியோட வந்து படுக்கும்போது "உள்ள தையல் இருக்கு"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வாய் திறக்கப் பாக்கும், நாடா விடாது. வாய் கிழியும், சில சமயம் கர்ப்பப்பையே கிழியும். நல்லதுக்குப் போட்ட தையல் மறதியால ஆளைக் கொல்லக் கூடாது.

அதனால தையல் போட்ட வாரத்துலயே தாய் சேய் அட்டையோட முதல் பக்கத்துல, சிவப்பு மையில எழுதுங்க: தையல் போட்ட தேதி, எந்த முறை, முடிச்சு எந்த எடத்துல, எத்தனை நாடா, எதுக்காகப் போட்டது, கழற்ற வேண்டிய தேதி. பிக்மி நம்பர்ல (அரசோட கர்ப்பிணிப் பதிவு எண்) அபாயக் கர்ப்பம்னு ஏத்திருங்க. தாய்வீட்டு ஊர்ச் செவிலியருக்கு ஒரு போன் போட்டுருங்க. டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்து அந்தப் பிள்ளை போன்லயும் வீட்டுக்காரர் போன்லயும் அம்மா போன்லயும் வையுங்க.

தேதி கணக்கு லேசு. பிரசவத் தேதியில இருந்து 28 நாள் பின்னால எண்ணினா 36 வாரம் முடியுது. 21 நாள் பின்னால எண்ணினா 37 முடியுது. அந்த ஒரு வாரத்துக்குள்ள கழற்றணும். வளைகாப்பு அன்னைக்கே காலண்டர்ல அந்த வாரத்தை வட்டம் போட்டுக் குடுங்க. வேற காரணத்துக்குச் சிசேரியன்னு முடிவாயிருந்தா அதே நேரத்துல தியேட்டர்லயே எடுத்துக்கலாம், அதையும் எழுதி வாங்கிக்கணும்.

தேதிக்கு முன்னாடியே கழற்ற வேண்டிய நேரமும் உண்டு. வலி பிடிச்சுட்டா, தொற்றுன்னு தெரிஞ்சா, உடனே. 34 வாரத்துக்கு முன்னாடி நீர் உடைஞ்சு, காய்ச்சலும் வலியும் இல்லைன்னா, ஸ்டீராய்டு வேலை செய்ய 48 மணி நேரம் வரை டாக்டர் பொறுக்கலாம். அது அவங்க முடிவு. ராத்திரி வலி வந்தா 108-க்கு அடிக்கும்போதும், ஆஸ்பத்திரிக்குள்ள நுழையும்போதும், பேரைச் சொல்றதுக்கு முன்னாடி "தையல் இருக்கு, இன்னும் கழற்றலை"ன்னு சொல்லச் சொல்லுங்க.

கழற்றுறது சின்ன வேலை. பெரும்பாலும் மயக்க ஊசி வேண்டாம். வாலைப் பிடிச்சு இழுத்து, முடிச்சுக்குக் கீழ ஒரு பக்கத்து நாடாவை மட்டும் வெட்டி உருவுவாங்க. அஞ்சு நிமிசம். சுருக்குனு ஒரு இழுப்பு, லேசா ரத்தம். ரெண்டு பக்கமும் வெட்டிட்டா மிச்ச நாடா சதைக்குள்ள போய் மாட்டிக்கும், அதனாலதான் ஒரு பக்கம் மட்டும். கழற்றின உடனே வலி வந்துரும்னு பையைக் கட்டிக்கிட்டு வருவாங்க. பல பேருக்கு அதுக்குப் பிறவு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வரும்.

எடுத்த நாடாவைக் காட்டச் சொல்லிக் கேக்கலாம், யாரும் கோவிக்க மாட்டாங்க. முடிச்சும் வளையமும் வாலும் ஒரே துண்டா வந்திருக்கணும். ரெண்டு நாடா போட்டதா சீட்டுல இருந்தா ரெண்டு வளையம் வந்திருக்கணும்.